இரட்டைக் கரு: ஏழாம் மாதத்திலேயே ஒன்பது மாத வயிறு

“வயிறு இவ்வளவு பெருசா இருக்கே, நாள் கணக்கு தப்பா இருக்குமோ?” என்று வளைகாப்புக்கு வருபவர்கள் கேட்பார்கள். கணக்கு சரிதான். ஒற்றைக் குழந்தைக்கு 36 வாரத்தில் விலா எலும்பை முட்டும் கர்ப்பப்பை, இரட்டைக்கு 30 வாரத்தை ஒட்டியே முட்டிவிடும். இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்தும் விடுகிறார்கள். ஆகவே ஏழாம் மாதத்தில் “இன்னும் நாள் இருக்கே” என்று எதையும் தள்ளிப்போட வேண்டாம்.

மேல்மூச்சு வாங்குவது, நெஞ்செரிச்சல், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிரம்புவது எல்லாம் இடநெருக்கடிதான். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரியுங்கள். மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் எடை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். தலை சுற்றும், வியர்க்கும். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் இன்னொன்று வையுங்கள். எழும்போது நேராக நிமிராதீர்கள். இரண்டு முழங்காலையும் சேர்த்துக்கொண்டு தோளும் இடுப்பும் ஒன்றாகப் புரளட்டும். காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுந்தால் இடுப்பு மூட்டில் சுருக்கென்று பிடிக்காது.

அரிப்பைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறேன். “குழந்தைக்கு முடி முளைக்குது, அதான்” என்று வீட்டில் சொல்வார்கள். வயிற்றுக் கோடுகளின் மேல், தொப்புளை விட்டுவிட்டு, சிவந்த தடிப்போடு வரும் அரிப்பு தொல்லையே தவிர ஆபத்தில்லை. இரட்டைக் கருவில் தோல் அதிகம் இழுபடுவதால் சற்றுக் கூடுதலாகவே வரும். தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் தூங்கவிடாமல் அரித்தால் அது வேறு. கல்லீரலில் பித்தம் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பித்த அமிலத்தையும் கல்லீரல் செயல்பாட்டையும் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். பித்த அமிலம் மிக அதிகமானால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் உண்டு. எண்ணெய் தடவிப் பார்த்துக்கொண்டு ஒரு வாரத்தைக் கடத்தாதீர்கள்.

வீக்கமும் அப்படித்தான். சாயங்காலம் கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுகிறது, காலைத் தூக்கி வைத்துத் தூங்கினால் காலையில் வடிந்துவிடுகிறது என்றால் பயமில்லை. தண்ணீரைக் குறைத்தால் வீக்கம் குறையாது. காலையில் எழும்போதே முகம் உப்பியிருப்பது, நேற்று கழற்ற முடிந்த மோதிரம் இன்று கழலாதது, தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். 140/90 தொட்டாலே மருத்துவமனைதான். இரட்டைக் கருவில் இந்த ரத்த அழுத்தச் சிக்கல் ஒற்றைக் கருவைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

வயிறு அவ்வப்போது கல்லாக இறுகி, படுத்தால் தளர்வது சகஜம். ஒரு மணி நேரத்தில் நாலைந்து முறை ஒழுங்காக இறுகினாலோ, அடிவயிறு பாரமாகி இடுப்பு கடுத்தாலோ, நீர் கசிந்தாலோ அது நாளுக்கு முந்திய பிரசவமாக இருக்கலாம்; சூட்டுவலி என்று சீரகத் தண்ணீர் காய்ச்ச நேரமில்லை. பிஞ்சு நுரையீரல் முதிரப் போடும் ஸ்டீராய்டு ஊசி நன்றாக வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டும். அந்த ஒரு நாளை வீட்டில் இழந்துவிடக் கூடாது.

ஸ்கேன் அறிக்கையில் நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றே என்றால், இரண்டு மூன்று நாளிலேயே வயிறு திடீரென்று பெருத்து, தோல் பளபளவென்று விறைத்தால் அடுத்த ஸ்கேன் தேதிவரை காத்திருக்காமல் கிளம்புங்கள். ஒரு குழந்தையின் ரத்தம் இன்னொன்றுக்குப் பாய்ந்து, பனிக்குட நீர் ஒருபக்கம் ஏறும்போது வயிறு அப்படித்தான் ஆகும்.