ரத்தம் எடுக்காமலே வந்த 70: சர்க்கரை அபாயத்தைப் பரிசோதித்துக்கொண்ட அனுபவம்

நமக்குச் சர்க்கரை நோய் வர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதை நாலே கேள்வியில் ஓரளவு கணித்துவிடலாம். அதற்கு ஊசி வேண்டாம், ஓர் இஞ்ச் டேப் போதும். அம்மாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. திருச்சியில் அவரை மாதாந்திரப் பரிசோதனைக்குக் கூட்டிப்போயிருந்தபோது, டாக்டர் அம்மாவின் ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "உங்க வயசு என்னம்மா? உங்களுக்குப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். ஆபீஸ் கேம்ப்பில் வெறும் வயிற்றில் பார்த்தார்கள், நார்மல் என்றேன். "அது பாதிதான்" என்று சொல்லி, பக்கத்து அறையிலிருந்த நர்ஸிடம் அனுப்பினார்.

அங்கே போட்ட கணக்குக்கு 'இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்' என்று பெயர். சென்னை மக்களிடம் நடந்த பெரிய ஆய்விலிருந்து டாக்டர் வி. மோகன் குழுவினர் உருவாக்கி, 2005-ல் வெளியிட்டது. மொத்தம் 100. வயது 35-க்குக் கீழே என்றால் 0, 35 முதல் 49 வரை 20, அதற்கு மேல் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. உடற்பயிற்சியும் உண்டு, உடம்பை வருத்தும் வேலையும் உண்டு என்றால் 0. இரண்டில் ஒன்றுதான் என்றால் 20. இரண்டுமே இல்லாமல் உட்கார்ந்தே வேலை என்றால் 30. கடைசியாக இடுப்புச் சுற்றளவு: பெண்களுக்கு 80 செ.மீ.க்குக் கீழே 0, 80 முதல் 89 வரை 10, 90-லிருந்து 20. ஆண்களுக்கு இந்த எல்லைகள் 90, 100.

இடுப்பை அளந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். புடவையோ பேண்ட்டோ கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றினார் நர்ஸ். "வயித்த எக்காதீங்க, சும்மா மூச்சு விடுங்க" என்று சொல்லி, மூச்சு வெளியே போன நேரத்தில் படித்தார். 86.

எனக்கு வயது 41, அதற்கு 20. அம்மாவுக்கு 10. ஆடிட்டர் ஆபீஸில் நாள் முழுக்க நாற்காலியில் கணக்கு எழுதுவதற்கு 30. இடுப்புக்கு 10. ஆக 70. அறுபதும் அதற்கு மேலும் அதிக அபாயம்.

அம்மா வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தார், தன்னால்தான் எனக்கும் வருகிறது என்று. அவருக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். 60-ஐத் தாண்டிய எல்லோருக்கும் சர்க்கரை இருப்பதாக அர்த்தம் இல்லை. அந்த ஆய்விலேயே, 60-ம் அதற்கு மேலும் வாங்கியவர்களில் 100-க்கு 17 பேருக்குத்தான் அதுவரை தெரியாமலிருந்த சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. யாருக்கு முதலில் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று பிரித்துக் காட்டத்தான் இந்த மதிப்பெண். தீர்ப்பு சொல்வது ரத்தம். இன்னொன்று, என் 70-ல் அம்மாவின் பங்கு வெறும் 10. நாற்காலியின் பங்கு 30.

டாக்டர் எழுதிக் கொடுத்தது குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனை. இதில்தான் கொஞ்சம் போராட வேண்டியிருந்தது. நான் போன லேபில், "ஃபாஸ்டிங் எடுத்துட்டு, வீட்டுல டிபன் சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல வாங்க மேடம், ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்கள். ஒன்றில்லை. ஒருவர் இரண்டு இட்லி சாப்பிடுவார், இன்னொருவர் பொங்கலும் வடையும் சாப்பிடுவார். அதை வைத்து 140 (அதற்குக் கீழே நார்மல்), 200 (அதிலிருந்து சர்க்கரை நோய்) என்ற எல்லைகளோடு ஒப்பிட முடியாது. சீட்டைக் காட்டி, 75 கிராம் குளுக்கோஸ்தான் வேண்டும் என்று நின்றேன். மறுநாள் காலை வரச் சொன்னார்கள்.

சோதனைக்கு முந்தைய மூன்று நாள் வழக்கம்போல் சோறு சாப்பிட வேண்டும். நல்ல ரிசல்ட் வரட்டும் என்று சோற்றைக் குறைத்தால் கணக்கு தப்பாகிவிடும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணி நேரமாவது தண்ணீர் தவிர எதுவும் கூடாது, காபி உட்பட. காலையில் ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். பிறகு பெரிய டம்ளர் தண்ணீரில் கரைத்த குளுக்கோஸ். ஐந்து நிமிஷத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். பாதியிலேயே தொண்டை இனிப்பில் ஒட்டிக்கொண்டது. வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால் மெதுவாக விழுங்கினேன். இரண்டு மணி நேரம் நடக்காமல், சாப்பிடாமல் அங்கேயே இருந்து, மறுபடி ரத்தம் கொடுத்தேன்.

வெறும் வயிற்றில் 96. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு 164. அதாவது 140-க்கு மேல், 200-க்குக் கீழ். பேச்சுவழக்கில் 'பார்டர்'. மூன்று மாத சர்க்கரைச் சராசரி (HbA1c) 5.9, அதுவும் பார்டர்தான். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அந்தச் சராசரி பொய்யாக ஏறிக் காட்டலாம் என்பதால் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர், அது சரியாக இருந்தது. வெறும் வயிற்றுக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் இந்த முறையும் 'நார்மல்' என்றே எழுதிக் கொடுத்திருப்பார்கள். எனக்கு ஆத்திரமே வந்தது. எத்தனை கேம்ப்களில் எத்தனை பேர் அந்த ஒரு சொல்லைக் கேட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள்!

மாத்திரை வேண்டுமா என்று கேட்டேன். டாக்டர் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார். என்னைப்போல் குளுக்கோஸ் சோதனையில் பார்டரில் இருந்தவர்களை மூன்று வருஷம் கவனித்திருக்கிறார்கள். சும்மா விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது, உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு. மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறக்குறைய அதே அளவுதான் தடுத்தது, இரண்டையும் சேர்த்தும் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. "முதல்ல நடங்க, அப்புறம் பார்ப்போம்" என்றார்.

வேலை முடிந்ததும் காவிரிக்கரையில் இருக்கும் அம்மா மண்டபம் பக்கம் வேகமாக அரை மணி நேரம் நடக்கிறேன், மழை நாளில் மாடியில். மதியச் சாப்பாட்டில் டப்பாக்களை இடம் மாற்றினேன்: பெரியதில் காயும் பருப்பும், சின்னதில் சோறு. நாலு மணி பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல். பெரிய தியாகம் எதுவும் இல்லை. ஆனால் கல்யாண வீட்டில் "ஒரு ஜாங்கிரிதானே, சாப்பிடு" என்று இலையில் வைத்துவிடும் சொந்தக்காரர்களைச் சமாளிப்பது நிஜமாகவே கஷ்டம்.

அரை வருஷம் கழித்து அதே சோதனை. இரண்டு மணி நேரக் கணக்கு 164-லிருந்து 146-க்கு இறங்கியிருந்தது. இடுப்பு 82. மதிப்பெண்ணைப் போட்டால் நடைக்காக 10 குறைந்து 60, இன்னும் அதிக அபாயம்தான்! இடுப்பில் நாலு சென்டிமீட்டர் போனதை இந்தக் கணக்கு பார்க்கவே பார்க்காது, 80-க்குக் கீழே போனால்தான் அடுத்த 10 குறையும். அதனால் மதிப்பெண் 60-க்குக் கீழே இறங்கவில்லையே என்று நடையை விட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் முன்னேற்றம் அதற்கு முன்பே தெரிகிறது.

பெங்களூரில் இருக்கும் தம்பியை வீடியோ காலில் நிற்க வைத்து, விலா எலும்பு எது என்று காட்டி, டேப் சுற்றச் சொன்னேன். வயது 37, இடுப்பு 94, நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால். அவனுக்கும் 70. "ஃபாஸ்டிங் மட்டும் பார்த்தா போதாதாக்கா?" என்றான். போதாது என்று என் ரிப்போர்ட்டை அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை காலை குளுக்கோஸ் சோதனைக்குப் பதிவு செய்திருக்கிறான்.