பத்தியின் தலையில் ஓர் எண்

ஒவ்வொரு வேலையையும் ஓர் அட்டையாக எழுதி, அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பத்தி பத்தியாகக் காட்டும் கான்பன் பலகை வைத்திருக்கும் மென்பொருள் குழுக்கள் நிறைய. அதில் ஒரு பத்தியில் இத்தனை அட்டைதான் இருக்கலாம் என்று வரம்பு போட்டு வேலை செய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ‘செய்ய வேண்டியது’, ‘நடக்கிறது’, ‘முடிந்தது’ என்று மூன்று பத்தி போட்டு அட்டைகளை நிரப்பினால், யார் கையில் என்ன இருக்கிறது என்று தெரியும். அதனால் மட்டும் வேலை சீக்கிரம் முடிந்துவிடாது.

நான் இருந்த ஒரு குழுவில் எல்லாரும் எப்போதும் பிஸி. ரிலீஸ் மட்டும் தள்ளிக்கொண்டே போகும். பலகையை வைத்திருந்த ஜிரா மென்பொருளில் ‘நடக்கிறது’ பத்தியை டெவலப்மென்ட், கோட் ரிவ்யூ (எழுதிய கோடை இன்னொருவர் படித்துப் பார்ப்பது), டெஸ்டிங் என்று பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கோட் எழுதுவதில் தாமதமே இல்லை. எழுதி முடித்தது ரிவ்யூவில் கேட்பாரற்றுக் கிடந்தது. தினமும் நடக்கும் ஸ்டாண்டப் கூட்டத்தில் “என் பக்கம் முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுப்பதுதான் எல்லாருக்கும் பழக்கம்.

ரிவ்யூ பத்திக்கு 3 என்று வரம்பு வைத்தோம். அது நிறைந்துவிட்டால் புதிதாக எதையும் அங்கே தள்ள முடியாது. போய் அடுத்தவர் கோடைப் படிக்க வேண்டும். எதிர்ப்பு மேலிருந்து வந்தது. டெவலப்பர் புது வேலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தால் மேனேஜர் கண்ணுக்கு உறுத்தத்தானே செய்யும்!

அவரிடம் லிட்டில் விதியைக் காட்டினோம். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்தது. கையிலுள்ள வேலைகளை, முடியும் வேகத்தால் வகுத்தால் ஒரு வேலைக்கு ஆகும் சராசரி காலம் வரும். பலகையில் 20 அட்டை இருந்து வாரத்துக்கு 4 முடிந்தால், ஒவ்வொன்றும் சராசரியாக 5 வாரம் இழுக்கும். அதே வேகத்தில் 12 அட்டைதான் என்றால் 3 வாரம். வரத்தும் முடிவும் ஓரளவு சீராக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். ஆனாலும் அவரை யோசிக்க வைக்க அது போதுமாக இருந்தது.

டொயோட்டாவில் பொறியாளர் தாயிச்சி ஓனோ உருவாக்கிய கான்பன் முறையின் உயிரே இதுதான்: அடுத்த கட்டம் கேட்டால்தான் முந்தைய கட்டம் செய்து கொடுக்கும். தொழிற்சாலையில் தேங்கிய உதிரி பாகங்கள் காலை இடறும். பாதியில் நிற்கும் கோட் யார் காலையும் இடறுவதில்லை. அதனால் மென்பொருளில் வரம்பு இன்னும் அவசியம் என்பேன்.

ஸ்டாண்டப்பையும் மாற்றினோம். ஆள் ஆளாகக் கேட்பதை விட்டு, முடிவுக்கு நெருங்கிய அட்டையில் தொடங்கி வலமிருந்து இடமாக வந்தோம். அவசர வேலைக்கென்று தனிப் பாதை, அதில் ஒரே ஓர் அட்டை. இரண்டு விட்டால் மறுநாளே எல்லாம் அவசரமாகிவிடும்.

தீராத சச்சரவு ஒன்று உண்டு. வேறு குழுவின் பதிலுக்காக நிற்கும் அட்டையை வரம்பில் சேர்ப்பதா, தனியே ஒதுக்குவதா? பலர் ஒதுக்குவார்கள். நான் சேர்க்கச் சொல்வேன். ஒதுக்கி வைத்துவிட்டால் அந்தக் குழுவை இரண்டாம் முறை கூப்பிட்டுக் கேட்க யாருக்கும் தோன்றாது.