படுக்கைக்குப் பணம், தூக்கத்துக்குத் தடை: சான் டியாகோவிலிருந்து ஓர் இரவுச் சூரை வேட்டை

விளம்பரத்தில் 310 டாலர் என்று போட்டிருந்த பயணம், கரைக்குத் திரும்பி எல்லாக் கணக்கையும் தீர்த்தபோது ஆளுக்கு 600 டாலரைத் தாண்டியிருந்தது. அதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் என் வலது கை விரல்கள் இன்னும் முழுதாக மடங்க மறுப்பதற்குக் காரணமான அந்த மீனை நினைத்தால், அடுத்த கோடைக்கு இப்போதே இடம் பிடித்துவிடலாமா என்றும் தோன்றுகிறது. இரண்டும் ஆறுவதற்குள் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதலில் செலவு, அடுத்து ஏற்பாடு, கடைசியில் மீன் என்று வரிசையாகச் சொல்வதே திட்டம்.

கலிபோர்னியாவின் தென்கோடியில் உள்ள சான் டியாகோ நகரின் பாயின்ட் லோமா பகுதியிலிருந்து கோடை முழுவதும் சூரை (டூனா) மீனைத் தேடி மீன்பிடிப் படகுகள் புறப்படுகின்றன. இரவு ஒன்பது மணியளவில் கிளம்பி மறுநாள் மாலை ஏழு மணியளவில் திரும்பும் பயணத்தை ‘ஓவர்நைட்’ என்கிறார்கள். தனிப் படகை வாடகைக்கு எடுக்கும் அளவுக்குக் கையில் காசில்லாத எங்களைப் போன்றவர்கள், முகம் தெரியாத இருபது முப்பது பேருடன் ஒரே படகில் ஓர் இடம் வாங்கிக்கொள்ளலாம். நண்பர்கள் நால்வராகச் சென்றோம். ஒருவர் கோவைக்காரர். இன்னொருவர், தாம் தூத்துக்குடிக்காரர் என்பதால், கடலைப் பற்றிய எந்த வாதத்திலும் தம் சொல்லே இறுதியானது என்று காரில் ஏறும்போதே அறிவித்துவிட்டார்.

செலவுக்கு வருகிறேன். டிக்கெட்டோடு எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று 25 டாலர் சேர்ந்தது. பதினாறு வயது நிரம்பிய எவரும் கலிபோர்னியக் கடலில் படகிலிருந்து தூண்டில் போட மாநில உரிமம் வேண்டும். ஒரு நாள் உரிமத்துக்குச் சுமார் 20 டாலர் ஆகிறது. மெக்சிகோ எல்லை கூப்பிடு தூரத்தில் இருப்பதால், மீன் தெற்கே இருப்பதாகத் தகவல் வந்தால் படகு அந்தப் பக்கம் திரும்பக்கூடும். அதற்கு அந்நாட்டு அனுமதியும் பாஸ்போர்ட்டும் தேவை. எங்கே போகிறோம் என்பதைப் படகு கிளம்பும் வேளையில்தான் கேப்டன் உறுதியாகச் சொல்வார் என்பதால், பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துச் செல்வதே புத்திசாலித்தனம்.

இதுவரை சொன்னதில் குறையேதும் இல்லை. என் கோபமெல்லாம் தூண்டில் வாடகைக்குக் கொடுத்த கடையின் மேல்தான். எந்தப் படகில், என்ன மீனுக்குப் போகிறோம் என்று தெளிவாகச் சொன்ன பிறகும், 40 பவுண்டு இழுவையைத் தாங்கும் நரம்பு, அதாவது தூண்டில் நூல், ஏற்றிய ராடையும் (தூண்டில் கோல்) ரீலையும் (நூல் சுற்றும் உருளை) 40 டாலருக்குத் தந்துவிட்டு, இருட்டில் ஒளிரும் ஜிக் எனப்படும் உலோகப் போலி இரைகள் ஐந்தேனும் இல்லாமல் போகவே கூடாது என்று வற்புறுத்தினார்கள். பேரம் பேசி இரண்டோடு நிறுத்தினோம். அதுவே 60 டாலர். படகில் ஏறியதும் எங்கள் ராடைப் பார்த்த பணியாளர், இரவில் வரும் பெரிய மீனுக்கு இது தாங்காது, 80 பவுண்டு நரம்பு வேண்டும் என்று சொல்லி, இன்னும் 30 டாலருக்கு வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். புதிதாகப் போகிறவர்கள் கடைக்கே போகாமல், முன்கூட்டியே படகுக்குத் தொலைபேசியில் அழைத்து, அவர்களிடமே வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தைவிட்டு நேராகக் கடலுக்குப் போய்விடுவோம் என்று எண்ணியிருந்தோம். விரிகுடாவுக்குள்ளேயே மிதக்கும் கூண்டுகளருகில் படகு நின்றது. அவற்றில் உயிருள்ள மத்தி மீன்களை வைத்திருக்கிறார்கள். பெரிய கோரு வலையால் அள்ளி அள்ளி, கடல்நீர் ஓயாமல் சுற்றிவரும் தொட்டிகளில் அவற்றைக் கொட்டினார்கள். இந்தத் தொட்டிதான் படகின் உயிர்நாடி. செதில் உதிர்ந்த மத்தியை ஆழத்தில் இருக்கும் சூரை சீந்துவதில்லை என்பதால், மீனை இறுகப் பிடிக்காமல் எடுத்து, மூக்கின் வழியே முள்ளைக் கோத்து, கையில் சில நொடிகளுக்கு மேல் வைத்திராமல் நீரில் விட வேண்டும் என்று பணியாளர் ஒருவர் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்.

படுக்கைகள் படகின் அடித்தளத்தில், இருபுறமும் அடுக்கடுக்காக இருந்தன. டீசல் வாடை, என்ஜின் அதிர்வு, மேல் அடுக்கிலிருந்து யாரோ விடும் குறட்டை ஆகிய மூன்றையும் சகித்துக்கொண்டு தூங்க முடிந்தவர்கள் பாக்கியவான்கள். கடல் மயக்கத்துக்கான மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே விழுங்கியிருக்க வேண்டும்; குமட்டல் தொடங்கிய பின் விழுங்கினால் அது வயிற்றில் நிற்பதே கடினம். கோவை நண்பர் இந்த அறிவுரையைக் கேட்டுச் சிரித்தவர். இரவு பதினொரு மணிக்கு மேல் அவர் கீழ்த்தளத்தில் இல்லை. பின்தளத்துக் கம்பியைப் பிடித்தபடி, கண்ணுக்குத் தெரியாத அடிவானத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதிகாலை மூன்றரை மணிக்கு என்ஜின் ஓசை திடீரென்று தணிந்தது. ஒலிபெருக்கியில் கேப்டனின் குரல், 150 அடியிலிருந்து 250 அடி வரை மீன் தெரிகிறது, எழுந்து வாருங்கள் என்று அறிவித்தது. சான் கிளமென்டி தீவின் தெற்கே, கரையிலிருந்து சுமார் 60 கடல் மைல் தொலைவில் நின்றிருந்தோம். பசிபிக் புளூஃபின் சூரை வெளிச்சத்தில் தூண்டிலை நுணுக்கமாகப் பார்த்து விலகிவிடும் மீன் என்பதாலும், இருளில் நரம்பு அதன் கண்ணுக்கு அவ்வளவாகத் தென்படாததாலும், தடித்த நரம்பில் பெரிய மீனைப் பிடிக்க விடியலுக்கு முந்தைய இந்த இரண்டு மணி நேரமே வாய்ப்பு என்று பழக்கப்பட்டவர்கள் சொன்னார்கள். படுக்கைக்குப் பணம் வாங்கிக்கொண்டு, அதில் படுக்கவே விடாத பயணம் இது.

முறை எளிமையானது. முள்ளில் மத்தி, அதற்குச் சில அடி மேலே ஈயக்குண்டு. குறிப்பிட்ட நீளத்துக்கு ஒருமுறை நிறம் மாறும் பின்னல் நரம்பைப் பார்த்து 200 அடி வரை இறக்கிவிட்டு, ராடைப் படகின் கைப்பிடிக் கம்பி மேல் சாய்த்து வைத்துக் காத்திருக்க வேண்டும். முள்ளின் நுனி உட்புறமாக வளைந்திருப்பதால், மீன் கடித்தவுடன் வெடுக்கென்று இழுத்தால் முள் வாயிலிருந்து வழுக்கி வந்துவிடும். ரீலை நிதானமாகச் சுற்றினாலே போதும், மீன் திரும்பும்போது அதன் கடைவாயில் முள் தானாகவே மாட்டிக்கொள்ளும்.

என் ராடின் நுனி ஒருமுறை துடித்தது. பிறகு கடலை நோக்கி ஒரேயடியாக வளைந்தது. ரீலிலிருந்து நரம்பு பாய்ந்த வேகத்தில் அதைத் தொட்டிருந்தால் விரல் அறுந்திருக்கும். டிராக் என்பது நரம்பை அறுந்துபோக விடாமல், அளவான இறுக்கத்தில் வழுக்கவிடும் பிடிப்பு. நரம்பின் தாங்குதிறனில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அதை வைப்பார்கள். அந்த இறுக்கத்தையும் மீறி நூறு அடிக்கு மேல் இழுத்துச் சென்ற மீன், படகின் முன்முனையான அணியத்தை நோக்கித் திரும்பியபோது, நானும் அதன் பின்னால் பிறருடைய ராடுகளுக்கு மேலும் கீழும் நுழைந்து ஓட வேண்டியிருந்தது. பக்கத்தில் ஒட்டிக்கொண்டே வந்த பணியாளர், இருட்டில் மூன்று பேருடைய நரம்புகள் பின்னிக்கொண்ட சிக்கலைத் தலை விளக்கின் ஒளியில் நொடிகளில் பிரித்துவிட்டதை இப்போது நினைத்தால், பின்னர் கொடுத்த அன்பளிப்புப் பணத்தை நினைத்து நான் முணுமுணுக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

கடைசிக் கட்டம்தான் கடினமானது. களைத்த சூரை படகுக்கு நேர் கீழே வட்டமிடத் தொடங்கும். அது விலகிச் செல்லும்போது நரம்பைப் பிடித்து நிறுத்துவதும், நம் பக்கம் திரும்பும்போது இரண்டு மூன்று சுற்று ரீலைச் சுற்றுவதுமாக, கிணற்றிலிருந்து கல் நிரம்பிய வாளியை இறைப்பதுபோல் அங்குலம் அங்குலமாக மேலே கொண்டுவர வேண்டும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் இது நடந்தது. நீருக்கடியில் வெள்ளியும் நீலமுமாக ஓர் ஒளி தெரிந்ததும், இரண்டு பணியாளர்கள் நீண்ட கொக்கிக் கம்புகளால் மீனைத் தூக்கித் தளத்தில் போட்டார்கள். ஏறத்தாழ 70 பவுண்டு. நான் போட்ட கூச்சலைத் தூத்துக்குடி நண்பர் கைப்பேசியில் பதிவுசெய்துவிட்டார். அதை யாருக்கும் அனுப்பமாட்டேன் என்று கொடுத்த வாக்கை அவர் அன்றைக்கே மீறினார்.

மீனை அப்படியே போட்டுவிடுவதில்லை. புளூஃபின் தன்னைச் சுற்றியுள்ள நீரைவிட உடலைச் சூடாக வைத்திருக்கக்கூடிய மீன். போராடிக் களைத்த நிலையில் அந்தச் சூடு தசையைக் கெடுத்துவிடும். ஆகவே உடனே மூளையில் குத்திக் கொன்று, செவுளருகில் வெட்டி இரத்தத்தை வடித்து, குளிரூட்டிய கடல்நீர் நிரம்பிய அறைக்குள் இறக்கினார்கள். யாருடைய மீன் என்று தெரிய, செவுளில் எண் அட்டை ஒன்று.

இந்த மீன் ஜப்பானையொட்டிய கடல்களில் பிறந்து, இளம் வயதில் பசிபிக் பெருங்கடல் முழுவதையும் கடந்து கலிபோர்னியா, மெக்சிகோ கரைகளுக்கு மேய வந்து, முட்டையிடும் பருவத்தில் மீண்டும் மேற்கே திரும்பும் இனம். அளவுக்கு மீறிப் பிடித்ததால், மீன்பிடிப்பே இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய இருப்பில் ஏறத்தாழ 2 சதவீதமாக ஒரு காலத்தில் சுருங்கிப்போனது. அதனால் அமெரிக்காவில் பொழுதுபோக்காக மீன்பிடிப்பவர்களுக்கான நாள் வரம்பை 2015-இல் 10 மீன்களிலிருந்து 2 ஆகக் குறைத்தார்கள். உலக நாடுகளின் கட்டுப்பாடுகளும் சேர்ந்ததில், மீட்சிக்கென்று வகுத்த இலக்கைக் காலக்கெடுவுக்குப் பல ஆண்டுகள் முன்பே இனம் எட்டிவிட்டதாக 2024-இல் வெளியான அறிவியல் மதிப்பீடு கூறியது. ஆளுக்கு இரண்டுதானா என்று படகில் முனகியவர்களுக்கு என் பதில் இதுதான்: வரம்பு இல்லையென்றால் இன்று முனகுவதற்கே மீன் இருந்திருக்காது.

விடிந்த பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சான் கிளமென்டி தீவு அமெரிக்கக் கடற்படைக்குச் சொந்தமானது. அதன் தென்பகுதியில் குண்டுவீச்சுப் பயிற்சி நடக்கும் நாட்களில் படகுகள் அருகே செல்லக்கூடாது என்பதால் நாங்கள் சற்று விலகியே இருந்தோம். மிதக்கும் கடற்பாசித் திட்டுகளின் நிழலில் யெல்லோடெயில் எனப்படும், நம் பாரைக் குடும்பத்து மீன்கள் சில கிடைத்தன. அவற்றில் ஒன்றைக் கடற்சிங்கம் ஒன்று நண்பரின் தூண்டிலிலிருந்தே பறித்து, தலையை மட்டும் அவருக்கு விட்டுவைத்தது.

சாப்பாடு தனிக் கணக்கு. ஆனால் முட்டையும் உருளைக்கிழங்கும் திணித்துச் சுருட்டிய பரிட்டோ ஒன்றை, இரவெல்லாம் மீனோடு மல்லுக்கட்டிய பின் உப்புக் காற்றில் நின்று தின்றேன். விலையைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசாத ஒரே பொருள் அதுதான். மற்றபடி யார் மீன் பெரியது என்று ஆளுக்கு 15 டாலர் போட்ட பந்தயத்தை வேறொருவர் வென்றார். கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பணியாளர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுப்பது வழக்கம். மீனை வெட்டித் தர 35 டாலர். கடலில் வைத்தே புளூஃபினை வெட்டினால், அதிகாரிகள் இனத்தை அடையாளம் காணும்படி ஆறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு மீனையும் தனிப்பையில் வைக்க வேண்டும் என்பது விதி. பெரிய ஐஸ் பெட்டியைக் காரிலேயே விட்டுச் செல்லுங்கள். திரும்பும்போது கடை தேடி அலைய உடம்பில் தெம்பிருக்காது.

நால்வருக்கும் சேர்த்து மூன்று சூரைகள். மூன்றையும் சமமாகப் பங்கிட்டோம். உணவகத்தில் மெல்லிய துண்டு ஒன்றுக்கே பல டாலர் வாங்கும் வயிற்றுப் பகுதியை, தூத்துக்குடி நண்பர் அன்றிரவே புளிக்குழம்பில் போட்டுக் கொதிக்கவைத்தார். கொழுப்பெல்லாம் உருகி மேலே மிதக்க, தக்காளியும் மல்லித்தூளும் மட்டுமே வாயில் தெரிந்தன. முதுகுப் பகுதியைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டு, வயிற்றைப் பச்சையாகவோ இலேசாக வாட்டியோ தின்பதே முறை என்று நான் சொன்னதற்கு, கடலைப் பற்றிய இறுதிச் சொல் யாருடையது என்று நினைவுபடுத்தினார். மீதமிருப்பதை மாசிக்கருவாடாக்கித் தம் அடுக்ககத்துப் பால்கனியில் காயவைக்கப்போவதாகவும் சொல்லியிருக்கிறார். என் பங்கு என் வீட்டு உறைபெட்டியில் பத்திரமாக இருக்கிறது.