இறக்கை நரம்பைத் தேடி

இரண்டு மில்லிமீட்டர் பூச்சியை மேக்ரோ லென்ஸில் எடுக்கும்போது, துலக்கமாகப் பதியும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், கண் தெளிந்தால் இறக்கை மங்கிவிடுகிறது. ஆழத்தைக் கூட்ட லென்ஸின் ஒளித்துளையை மிகவும் சுருக்கினாலோ, சிறு துளையைக் கடக்கும் ஒளி பரவிவிடும் விளிம்பு விளைவால் படம் முழுவதுமே கூர்மை இழக்கிறது. ஆகவே, பூச்சிகள் அதிகம் அசையாத குளிர்ந்த அதிகாலையில், குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றிணைப்பதையே நான் விரும்புகிறேன்.

முகம் எவ்வளவு அழகாக விழுந்தாலும், அடையாளம் காண எனக்கு இறக்கைதான் வேண்டும். ஒரே இணை இறக்கையும் அதன் பின்னால் குண்டூசித் தலை போன்ற சமநிலை உறுப்புகளும் தெரிந்தால் அது ஈ. ஒட்டுண்ணிக் குளவிகளில் இக்நியூமோனிட், பிராக்கோனிட் குடும்பங்களைப் பிரிக்க, முன்னிறக்கையில் கோடு போல ஓடும் நரம்புகளில் ஒரு குறிப்பிட்ட குறுக்கு நரம்பே பெரும்பாலும் போதும்: முன்னதில் அது உண்டு, பின்னதில் இல்லை. பக்கவாட்டுப் படத்தில் இது மறைந்துவிடும் என்பதால், மேலிருந்தும் ஒரு படம் கட்டாயம் எடுக்கிறேன்.