டிரைஃபோரிடே பிரிப்பு: நுனி இருந்தால்தான் பெயர்

திருகோணமலை நிலாவெளிக் கரையோர ஊரிமணலில் கிடந்த டிரைஃபோரிடே (மிகச்சிறு கடல்நத்தைக் குடும்பம்) ஓடுகளை ஒருவழியாகப் பேரினம் வாரியாகப் பிரித்தாயிற்று. 2 மி.மீ. வலையில் விழுந்து 0.5 மி.மீ. வலையில் தங்கிய பங்கு மட்டும், எல்லாம் வெற்று ஓடுகள். (எதிரேயுள்ள புறாத்தீவில் கைவைக்கவே வேண்டாம். 2003 முதல் அது தேசிய பூங்கா.)

முதற்பிரிப்பு சுலபம். நுனி மேலே, வாய் நம்மைப் பார்க்க வைத்தால் இவற்றுக்கு வாய் இடப்பக்கம். கோவில் வலம்புரிச் சங்குக்கும் அப்படித்தான். வாய் வலப்பக்கம் இருக்கும் ஒல்லியான மணிவரி (மணி கோத்ததுபோன்ற வரி) ஓடுகள் பெரும்பாலும் செரித்தியோப்சிடே என்ற வேறு குடும்பம். இரண்டும் கடற்பஞ்சு தின்பவை, அதனால் கலந்தே வரும்.

உயிரை வாங்குவது குடம்பி ஓடு, அதாவது நத்தை குஞ்சாக இருந்தபோது உண்டாகி நுனியில் எஞ்சியிருக்கும் ஓடு. மணிவரியும் நிறமும் அச்சொட்டாக ஒத்திருந்தாலும் நுனி வேறென்றால் இனத்தையும் வேறாகவே வைக்கவேண்டும். கடலில் மிதந்து தின்று வளர்ந்த குடம்பியின் நுனி ஒடுங்கி, நாலைந்து சுற்றோடு, ஓரிரு வரம்பு ஓடியிருக்கும். மிதந்து தின்னாமல் வளர்ந்ததற்குச் சுற்று குறைந்த, கொழுத்த மொட்டை நுனி. குடம்பி ஓட்டுக்குக் கீழே முதலில் இரண்டு மணிவரிதான்; நடுவரி எந்தச் சுற்றில் முளைக்கிறது என்பதையும் குறிக்கவேண்டும். விரியோலா என்ற பேரினத்துக்கு மணிக்குப் பதில் வழுவழுப்பான வரம்பு, தொல்லையில்லை.

நுணுக்குக்காட்டியில் 40 மடங்கில் பார்க்க நுனியை நேராக நிறுத்தப் பிளாஸ்டிசின் உதவாது. எண்ணெய் கசிந்து மணிகளுக்கிடையே அடைத்துக்கொள்ளும். கைகொடுத்தது புல்மோட்டைக் கறுமணல். கண்ணாடித் தட்டில் 5 மி.மீ. ஆழத்துக்குப் பரப்பி, ஈரமான 000 எண் மெல்லிய தூரிகையால் நத்தையோட்டை ஒற்றி எடுத்து வாய்ப்பக்கத்தைப் புதைத்தால் அசையாமல் நிற்கும். பின்னணியும் கறுப்பு, வரம்பு ஒவ்வொன்றும் எடுப்பாகத் தெரியும். பிளாஸ்டிக் தட்டென்றால் நிலைமின்னில் காய்ந்த ஓடு துள்ளிப் பறக்கும். சாவணத்தால் பிடித்தால் நுனி போச்சு.

கழுவ எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் போதும், ஆனால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விழுந்து மணிபோலவே ஏமாற்றும். கடைசி அலசல் பற்றரித் தண்ணீரில் (பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீர்). வாகன உதிரிப்பாகக் கடையில் கிடைக்கும், வாங்கும்போது அமிலப் போத்தலை மாறி எடுத்துவிடாதீர்கள். மரப்பெட்டி, தக்கை, காட்போட் மூன்றும் விடும் அமில ஆவி ஓட்டில் வெள்ளைப் பூ பூக்க வைக்கும். கண்ணாடிக் குப்பியும் பிளாஸ்டிக் மூடியும்தான் சரி.

செரித்தியோப்சிடே குப்பியை இன்னும் மூடவில்லை. மெட்டாக்சியா என்ற பேரினம் வலப்பக்க வாயோடு இருந்தும் டிரைஃபோரிடேயைச் சேர்ந்தது. அந்தக் குவியலில் உருண்ட சுற்றும் கூடுதல் வரியும் உள்ளவற்றைத் தனியே எடுத்துக் கறுமணலில் நிறுத்தவேண்டும்.