கழனித்தண்ணி யார் பொறுப்பு? ஒரு குறுவைக்கால நாட்குறிப்பு

ஜூன் 12, 2025, வியாழன்

இன்று மேட்டூர் திறந்தாகிவிட்டது. கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, ஆறு மூன்றாகும் மூணாறு தலைப்பில் பிரிந்து எங்கள் வாய்க்காலைத் தண்ணீர் எட்டுவதற்குள் நாற்றங்கால் வேலை முடிய வேண்டும். இனி என் வீட்டுக்காரர் விடியுமுன்பே வயலுக்குப் போய்விடுவார். எனக்கு அங்கன்வாடி. அத்தைக்கு முழங்கால் வலி. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்து பத்து நாள் ஆகிறது. வீட்டு வேலையைப் பங்கு போட இதைவிடத் தோதான நேரம் வராது.

ராத்திரி சாப்பிட்டதும் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து, நம் வீட்டில் ஒரு நாளைக்கு என்னென்ன வேலை நடக்கிறது என்று பிள்ளைகளையே சொல்லச் சொன்னேன். ஏழாவது படிக்கும் மூத்தவன் ஏழெட்டு வேலையோடு நிறுத்திவிட்டான். மூன்றாவது படிக்கும் சின்னவள் விடுவதாயில்லை. "கொசுவலை கட்டுறது, அப்பாயிக்கு மாத்திரை எடுத்துக் குடுக்குறது, பால் கேன் அலம்புறது, விளக்குத் திரி போடுறது..." நோட்டில் ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கமும் போனது. அவர் அதை வாங்கிக் கடைசி வரை படித்தார்.

யாருக்கு எது என்று நான் சொல்லவில்லை. அவரவரே எடுத்துக்கொண்டார்கள். சின்னவளுக்கு அரிசி கழுவுவதும் துணி மடிப்பதும். மூத்தவனுக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் ராத்திரிப் பாத்திரமும். அவருக்குக் குடிதண்ணீர் பிடிப்பதும் படுக்கும் முன் அடுப்படியைத் துடைப்பதும். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தேன்: எடுத்த வேலை முழுசாக அவர்களுடையது. பக்கத்தில் நின்று யாரும் திருத்தக் கூடாது, அத்தை உட்பட.

ஜூன் 16, திங்கள்

சின்னவள் அரிசி கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தண்ணீரை ஒரு பொட்டு சிந்தாமல் வாளியில் ஊற்றுகிறாள், மாட்டுக்குப் போகும் கழனித்தண்ணி என்பதால். இரண்டாவது தண்ணீரில் விரல்களை விரித்து அரிசியைச் சுழற்றிவிட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பார்க்கிறாள். மூன்றாவது தண்ணீர் தெளிந்ததும்தான் உலைக்குத் தருகிறாள். நான் கழுவினால் இதில் பாதி நேரம்தான். இருந்தாலும் அவள் தந்ததை அப்படியே உலையில் போடுகிறேன். பிள்ளை கழுவியதை அம்மா மறுபடி கழுவினால், அப்புறம் அந்தப் பிள்ளை எதற்காகக் கழுவ வேண்டும்?

ஜூன் 29, ஞாயிறு

அத்தைக்கு இன்று பொறுக்கவில்லை. பேரன் கொல்லைக் குழாயடியில் குத்துக்காலிட்டுக் குழம்புச் சட்டி தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஆம்பளப் புள்ளைய இப்புடிக் குந்த வச்சிருக்கியே, நாளைக்கு நாலு பேரு என்னா சொல்லுவாங்க?" என்றார்கள்.

"கல்யாணத்துக்கு ஐநூறு பேருக்கு ஆக்கிப் போடுறவங்கள்லாம் யாரு அத்தை? ஆம்பளைங்கதானே?"

"அது கூலிக்குச் செய்யிறது."

அத்தை சொன்னதில் முழு விஷயமும் இருக்கிறது. அதே வேலை, காசு வந்தால் ஆணுடையது, காசில்லாவிட்டால் பெண்ணுடையது. இதை நான் சண்டைக்காகச் சொல்லவில்லை. ஒன்றிய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்ததே என்று சந்தோஷப்பட முடியவில்லை. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இடைவெளி அப்படியே நிற்கிறது. இந்தக் கணக்கு ஆறு வயதிலிருந்தே தொடங்குகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சின்னவளுக்கு எட்டு வயது. என் மகளும் மகனும் இப்போதே அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

அத்தையிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. படுக்கும் முன் அவர் மகன் அடுப்படி மேடையைத் துடைத்துத் துணியைப் பிழிந்து காயப் போட்டார். அத்தை அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆயிரம் வார்த்தை சொல்லியும் மூத்தவன் மனசில் ஏறாதது, அப்பா கையில் அந்தத் துணியைப் பார்த்தால் ஏறும் என்று நம்புகிறேன்.

ஜூலை 9, புதன்

நடவு. திருப்பூரிலிருந்து கொழுந்தனார் வந்திருந்தார். பிள்ளைகள் வேலை செய்வதைப் பார்த்து ரொம்ப சந்தோஷம் அவருக்கு. "ஒரு வேளை பாத்திரத்துக்குப் பத்து ரூபா, துணி மடிச்சா அஞ்சு ரூபான்னு வச்சிருங்க அண்ணி, பறந்து பறந்து செய்வாங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

அங்கன்வாடியில் தினமும் பார்க்கிறேன். சாப்பிட்டு முடித்த இரண்டரை வயசுக் குழந்தை, தட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தொட்டி வரை கொண்டு வருகிறது. தண்ணீர் கொட்டினால் துணி தேடி ஓடுகிறது. யாரும் அதற்கு மிட்டாய் தருவதில்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டோமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். கை நிறையப் பொருளோடு அலமாரியைத் திறக்க முடியாமல் ஒருவர் தவிக்க, 18 மாதக் குழந்தைகள் தாமாகவே போய்க் கதவைத் திறந்துவிட்டன. 2008-ல் 20 மாதக் குழந்தைகளிடம் அடுத்த சோதனை. உதவி செய்ததற்குப் பொருள் பரிசாகப் பெற்ற குழந்தைகள் பிறகு உதவுவது குறைந்தது. வெறும் பாராட்டுப் பெற்றவர்களிடமும் ஒன்றும் பெறாதவர்களிடமும் அப்படிக் குறையவில்லை.

உதவும் ஆசை பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. "நீ தள்ளு, நான் பாத்துக்குறேன்" என்று சின்ன வயசில் நாம் விரட்டிவிட்டு, பத்து வயசில் காசு கொடுத்துக் கூப்பிட்டால் எப்படி வரும்? செலவுக்குப் பணம் வேண்டுமானால் தனியாகத் தருவேன். பாத்திரத்துக்கு விலை கிடையாது.

ஜூலை 20, ஞாயிறு

மூத்தவன் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். சின்னவள் எடுத்து வைத்த கழனித்தண்ணி வாளி திண்ணையோரம் அப்படியே இருந்தது. வெயில் ஏற ஏற மாடு கத்தத் தொடங்கியது. அவர் திடலுக்கே போய், "தம்பி, மாடு கத்துது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். தவிட்டைக் கலந்து வைத்ததும் மாடு தலையைத் தூக்காமல் வாளி அடி வரை உறிஞ்சியது. இன்னொரு வாளி கொண்டுவந்து வைத்தான். கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றான். திட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

சாயங்காலம் அவனாகவே நேரத்தை மாற்றிக்கொண்டான்: தண்ணீர் காட்டிவிட்டுத்தான் விளையாட்டு. பரீட்சை நாளில் தங்கையோடு மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்டான். முன்கூட்டியே கேட்டு, அவள் சம்மதித்தால் சரி என்றேன். அவள் பதிலுக்கு இரண்டு நாள் துணி மடிக்கச் சொல்கிறாள். பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மூத்தவன் தேங்காய் துருவினான். சின்னவள் அரிசியை ஊறவைத்து வெல்லம் தட்டிப் போட்டுக் காப்பரிசி கலந்தாள். எலுமிச்சை சாதம் அவர் கிளறினார். புளியோதரைக்கு மட்டும் அத்தை அடுப்படியிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். "தம்பி, எண்ணெ பிரிஞ்சு மேல வரணும், அதுக்கு முன்னாடி எறக்கிறாத" என்று பேரனுக்குப் பாடம். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பேச்சு இன்று வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஆற்றங்கரையில் படையல், சப்பரம் இழுத்தது எல்லாம் முடிந்து வீடு வர இருட்டிவிட்டது.

வந்ததும் நோட்டை எடுத்தார்கள். நடவு முடிந்துவிட்டதால் வேலையை மாற்ற வேண்டுமாம். சின்னவளுக்கு மாடு வேண்டும். வாளி அவளுக்குக் கனம், அரை வாளியாக இரண்டு நடை என்று தீர்மானம் ஆகியிருக்கிறது. பாத்திரத்தை அவர் எடுத்துக்கொண்டார். மூத்தவன் காலைப் பலகாரத்தைக் கேட்கிறான். அடுப்பு வேலை என்பதால் இந்த மாதம் நான் கூட நிற்பேன், தோசை மட்டும் அவன் வார்ப்பான், சட்னி என்னுடையது. கீரை ஆய்வது தன்னுடையது, அதில் யார் பெயரையும் எழுதக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார்கள்.