சதையைக் கிழிக்கும் சொல்லும் கம்பளியைக் கோதும் சொல்லும்

மொழிபெயர்க்கத் தொடங்கிய புதிதில், ஓர் ஆங்கிலச் சிறுகதையில் அண்ணன் தங்கையை ‘டீஸ்’ செய்வதாக வந்த வரியை, ‘ஏளனம் செய்தான்’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த நண்பர், “இந்த அண்ணன் ஏன் இத்தனை கொடியவனாக இருக்கிறான்?” என்று கேட்டார். மூலக்கதையிலோ அவன் தங்கையின்மேல் உயிரையே வைத்திருப்பவன். ‘சீண்டினான்’ என்றோ ‘வம்புக்கு இழுத்தான்’ என்றோ எழுதியிருந்தால் அந்தப் பழி அவனைச் சேர்ந்திருக்காது. அகராதியில் கேலி என்று பொருள் கண்டதும், கேலியும் ஏளனமும் ஒன்றுதானே என்று நான் நினைத்துவிட்டதால் நேர்ந்த பிழை அது.

கேலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலோர் தடுமாறுவது சர்காஸம், ஐரனி என்ற இரண்டில்தான். ஒரு மணி நேரம் தாமதமாக வந்தவரிடம், “அடடா, இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டீர்களே!” என்று சொன்னால் அது சர்காஸம்; அங்கே குத்துபவர் ஒருவர், குத்துப்படுபவர் ஒருவர். தீயணைப்பு நிலையமே தீப்பற்றி எரிந்தால் அது ஐரனி. யாரும் யாரையும் பழிக்கவில்லை, நிலைமையே முரணாக அமைந்துவிட்டது. பேச்சிலும் ஐரனி உண்டு. சொல்வது ஒன்றும் கருதுவது வேறொன்றுமாக இருந்தால் போதும், எதிரில் இருப்பவரைப் புண்படுத்த வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. பழைய கிரேக்க நகைச்சுவை நாடகங்களில், ஒன்றும் தெரியாதவனைப் போல நடித்துத் தற்பெருமைக்காரனைக் கவிழ்க்கும் பாத்திரத்துக்கு ஐரோன் என்று பெயர். அந்தப் பெயரின் வழியில் வந்த சொல் இது. சர்காஸமோ சதையைக் கிழிப்பதைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து பிறந்தது. நம்முடைய வஞ்சப்புகழ்ச்சியை இதற்கு நிகராகச் சிலர் வைப்பதுண்டு. எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். புகழ்வதுபோல் நடிக்காமல், நேராகவே சுருக்கென்று தைக்கும் பேச்சையும் ஆங்கிலத்தில் சர்காஸம் என்றே சொல்கிறார்கள்.

என்னை மாட்டிவிட்ட ‘டீஸ்’ என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் அது கம்பளி இழைகளைப் பிரித்துக் கோதுவதைக் குறித்தது. மேடையில் பேசுபவரை இடைமறித்துத் திணறடிப்பதைக் குறிக்கும் ‘ஹெக்கிள்’ என்ற சொல்லும் இதைப் போன்றதொரு பட்டறையிலிருந்து வந்ததே. ஆளி நாரையும் சணல் நாரையும் சீவுகிற இரும்புப்பல் சீப்புக்கு அதுதான் பெயர். இரண்டும் சிக்கெடுக்கும் தொழிலில் பிறந்தவை. ஆனால் ஒன்று இன்று செல்லச் சீண்டலுக்கும் இடம் தருகிறது. மற்றொன்று இரும்புப் பற்களின் கடுமையை இன்னும் விடவில்லை.

‘ஸ்னீர்’ என்பதற்கு வாய் திறக்கவே தேவையில்லை, உதட்டைச் சுழித்தால் போதும். ‘ஜியர்’ கூட்டத்தின் கூச்சல். ‘டான்ட்’ என்பது, “உன்னால் முடியுமா?” என்று உசுப்பேற்றிக் குத்துவது. கருத்தையோ நம்பிக்கையையோ துச்சமாகத் தள்ளிப் பேசினால் ‘ஸ்காஃப்’. கேலியின் கடுமையைச் சொல்லும் அடைமொழிகளில் ‘மார்டன்ட்’ கடிப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்தும், ‘காஸ்டிக்’ எரிப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தும் வந்தவை. சுடுசொல் நம்மிடமும் உண்டு என்பதால் பின்னது எளிதில் தமிழுக்கு வந்துவிடுகிறது. கடிதான் சிக்கல்: நாம் ‘கடி’ என்றால் அசட்டு நகைச்சுவையல்லவா நினைவுக்கு வருகிறது!

இன்றுவரை எனக்குப் பிடிகொடுக்காத சொல் ‘பேன்டர்’. ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜானதன் ஸ்விஃப்ட் 1710இல், ஆங்கிலத்தைக் கெடுக்கும் புதுச்சொற்களைச் சாடி எழுதியபோது இதையும் சேர்த்துக்கொண்டார். அவர் வெறுத்த அந்தச் சொல்தான் இப்போது நண்பர்களுக்கிடையே பகையின்றி நடக்கும் வாய்ச்சண்டைக்குப் பெயர். அதற்குத் தமிழில் ஒற்றைப் பெயர்ச்சொல்லைத் தேடித் தோற்றுவிட்டு, ‘ஒருவரையொருவர் கலாய்த்துக்கொண்டார்கள்’ என்று வினையாகவே எழுதிவிடுகிறேன். அந்த ‘ஒருவரையொருவர்’ என்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது. விட்டால் ஒருவன் அடிப்பவனாகவும் மற்றவன் அடிபடுபவனாகவும் மாறி, பழைய அண்ணன் கதையாகிவிடும்.